பூ விழும்வரை கோச்சிங்

எழிலரசி, கடத்தூர்ப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். பைக் வாங்குவதானாலும் மாரியம்மன் படத்தில் பூ வைத்துக் கேட்காமல் அவர் எதையும் முடிவு செய்ததில்லை. வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் கூடாது. இப்படி ஒழுங்காக இருந்த பெண்மணியை முன்னேற்றியே தீருவதென்று நிர்வாகம் பெங்களூரிலிருந்து ஒரு கோச்சைப் பிடித்தது. பெயர் நவநீதன். வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவரிடம் தனியாகப் பேசுவார். எங்கே பேசினார்? எதைக் கேட்டாலும், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்பார். இதற்குச் சம்பளம் வேறு.

“அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?” என்றார் முதல் நாள்.

“பூ கேக்காம எங்க வூட்டுல எதுவும் சொல்றதில்லீங்க சார்.”

போனைப் படத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஈரமான செவ்வரளி ஒன்றைப் படத்தின் கண்ணாடியில் ஒட்டினார். பூ விழவில்லை. எழிலரசி கைகூப்பி நின்றார். கோச்சும் வாயைத் திறக்கவில்லை. நேரம் முடிந்தது. “இவ்வளவு ஆழமான மௌனத்தை நான் பார்த்ததில்லை” என்று நிர்வாகத்துக்கு எழுதினார் கோச். அடுத்தடுத்த வாரங்களும் பூவைப் பார்ப்பதிலேயே போயின.

கடைசி வாரம் நவநீதன் குரலைத் தாழ்த்தினார். “மேடம், எங்க கம்பெனியில என்னை வேலைல வச்சிருப்பாங்களான்னு கொஞ்சம் கேளுங்களேன்.”

எழிலரசி பூ வைத்தார். கையை எடுப்பதற்குள் அது இடப்பக்கம் விழுந்தது.

“அம்மன் என்ன மேடம் சொல்லுது?”

எழிலரசி போனைத் தன் பக்கம் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க என்ன நெனைக்கறீங்க சார்?”