குளவி கொட்டிய பிறகு கடலுக்குள்

முதலில் அரித்தது உள்ளங்கைதான். திருத்தணியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒரு குளவி கழுத்தில் கொட்டியது. சிறு வயதில் பலமுறை கொட்டு வாங்கியவள் நான். சுண்ணாம்பு தடவினால் போதும் என்று கீழே இறங்கினேன். படி முடிவதற்குள் உள்ளங்கை தீயாய் அரித்தது, நாக்கு தடித்தது.

கூடத்தில் என் கணவர் இருந்தார். எனக்கு மாமன் மகன், அதனால் பாவா என்றே கூப்பிடுவேன்.

"இன்னா, மூஞ்செல்லாம் வீங்கிக்கினு வருது?"

"மூச்சு வுட முடியல பாவா."

அதற்கு மேல் குரல் எழவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் தொடையில் ஊசி போட்டார்கள். அட்ரினலின் (மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து). எனக்கு வந்தது அனாஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் ஒரே வீச்சில் தாக்கும் கடும் ஒவ்வாமை) என்றார்கள்.

இது உங்களுக்கும் நேர்ந்திருந்தால், பிழைத்த பிறகு வரும் கேள்வி தெரிந்திருக்கும்: இனி எதையெல்லாம் விட வேண்டும்? அரக்கோணத்தில் ரயில்வே அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, நாற்பதை நெருங்கும் வயதில் நீச்சல் கற்றவள் நான். அந்தமானில் ஸ்கூபா (காற்று உருளையை முதுகில் கட்டிக் கடலில் மூழ்குவது) கற்கப் பெயர் கொடுத்திருந்தேன்.

"கடல்ல சொறி மீன் கீது, அந்த ஜெல்லி மீனு, பட்டா சுடும். வேணாம், வுட்டுடு" என்றார் கணவர்.

"டாக்டர் வேணாம்னா வுட்டுடறேன் பாவா."

சென்னையில் ஒவ்வாமை மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "குளவி விஷம் வேற, சொறி மீன் விஷம் வேற. ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணும் ஒத்துக்காதுன்னு இல்ல. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தண்ணிக்கு அடியில ஒவ்வாமை வந்தா என்ன செய்வீங்க, அதுக்கு வழி பண்ணிட்டுப் போங்க."

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லையென்றால் மூழ்கவே கூடாது என்று ஸ்பைரோமெட்ரி (ஊத வைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்தார். நுரையீரலில் குறை இல்லை. கணவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். அவர் வீட்டில் சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினார்.

அந்தமானில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் மற்றவர்கள் அரைக்கால் சட்டையோடு இறங்கினார்கள். நான் கையுறை, தலையுறை உட்பட முழுதும் மூடிக்கொண்டேன். பயிற்சியாளரிடம் எதையும் மறைக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தால் மேலே போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

மூடாமல் இருந்தது கன்னம் மட்டும். மூழ்கிய சற்று நேரத்தில் சரியாக அங்கேயே சொறி மீன் பட்டுச் சுட்டது, பழுத்த கம்பியை இழுத்ததுபோல். நெஞ்சில் கை வைத்தேன்.

பயிற்சியாளர் என் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். வேகமாக ஏறினால் நுரையீரலுக்கு ஆபத்து. அந்த ஏற்றத்தில் என் உடலை ஒவ்வோர் இடமாகக் கேட்டேன். உள்ளங்கை அரிக்கவில்லை. நாக்கு லேசாக இருந்தது. மூச்சு தடையின்றி வந்துபோனது.

படகில் கணவர் ஊசியோடு நின்றார். "போட்டுடட்டா?"

"இரு பாவா. கன்னம் மட்டுந்தான் எரியுது."

"நிஜமாவா?"

"ஆங். மூச்சு நல்லா வருது."

பயிற்சியாளர் வினிகர் ஊற்றினார். இருவரும் என் முகத்தையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் சிவந்த கோடு தடித்தது. வேறு எதுவும் வரவில்லை. இதுவே குளவியாக இருந்திருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், உடனே ஊசிதான். அதில் நீங்களும் தயங்க வேண்டாம்.

தொலைபேசியில் மருத்துவர் ஒரு நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டு, கன்னத்தையும் மூடும் தலையுறையோடு மறுபடி இறங்கினேன்.

ரயில் நேரத்துக்கு ஓடி ஓடி, என் உடல் என்னைச் சுமந்து போகும் வண்டி என்றே இருந்துவிட்டேன். பவளப்பாறைக்கு மேலே மிதந்தபோது அது என்னோடு பேசிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்தி, மேலே போகலாம் என்றார். இப்போதுதானே இறங்கினோம் என்று நினைத்தேன். காற்றுமானியைக் காட்டினார், உருளையில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அவ்வளவையும் நானே மூச்சாக இழுத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பயந்து இழுக்கவில்லை.