கோட்டையில் கடைசி ஆளாக நடந்தவர்

சூசை அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் திண்டுக்கல் மலைக்கோட்டைப் படியில் பாதி ஏறியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. பின்னால் பதினெட்டுப் பேர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள். கைப்பேசியில் லூர்து மதினியின் பெயர் தெரிந்தது. எடுத்தேன். "அண்ணன் போயிட்டாங்க தம்பி" என்றார். நான் சட்டென்று திரும்பி வரிசையின் கடைசியைப் பார்த்தேன். எதுவாக இருந்தாலும் அங்கே பார்ப்பது எட்டு வருடப் பழக்கம். யாரோ ஒருவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கால் ஏறிக்கொண்டிருந்தது, வாய் அதுபாட்டுக்கு மைசூர்ப் படை, கும்பினிப் படை என்று பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் கோட்டை நடைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சூசைராஜ் என்ற பெயர் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். கடைசியில் வருவாரே, நீல நிறத் தொப்பி, கையில் குடை, என்றால் ஞாபகம் வரும். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் சின்னாளப்பட்டி. நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, வெளியூரிலிருந்து வருகிறவர்களை நாங்கள் இருவரும் கோட்டைக்கு அழைத்துப் போவோம். நான் முன்னால் போய்ப் பேசுவேன். எனக்குப் பேசப் பிடிக்கும், கொஞ்சம் மிகைப்படுத்தவும் பிடிக்கும். அவர் பின்னால் வருவார், பேசமாட்டார். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, இன்றைக்கு நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். "முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும் அப்பு. பின்னால வாரவனுக்குத்தான் ஆளு தெரியணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டார். அன்று நான் கட்டிய தொண்டையோடுதான் பேசினேன்.

ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. நடை முடிந்து கீழே இறங்கியதும் வந்தவர்கள் மலையைப் பார்த்துக் கையாட்டி, "போயிட்டு வர்றோம்" என்று கூவிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது நான் கொண்டுவந்த ஏற்பாடு. படங்கள் நன்றாக வந்தன, அதைப் பார்த்துப் புதிதாக ஆட்களும் வந்தார்கள். மூன்றாவது நடையிலோ நான்காவது நடையிலோ அண்ணன் முன்னால் வந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்படிச் சொல்லாதீங்க. இது சாவு விழுந்த வீடு. எழவு வீட்டுல வாரேன்னு சொல்லிக்கிட்டா கெளம்புவோம்? பேசாமத்தான போவோம்" என்றார். எனக்கு எரிச்சல். இழவு வீடென்றால் இருநூறு வருடத்துக்கு மேலாகவா இழவு காப்பார்கள் என்று கேட்டேன். "யாரும் காக்கலை. அதான் இன்னும் முடியலை" என்றார். படம் எடுப்பது அன்றோடு நின்றது. அதன்பிறகு எங்கள் கூட்டம் கோட்டையிலிருந்து வாய் திறக்காமல்தான் இறங்கியது. பலருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பிடித்திருந்தது என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மேலே வெடிமருந்து வைத்திருந்த அறையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் காற்று நின்றுவிடும். வருகிற பையன்கள் எல்லோரும் அங்கே கைதட்டி எதிரொலி கேட்பார்கள். ஒரு நாள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டோம், கடைசி ஆளைக் காணவில்லை. நான் திரும்பிப் போனேன். வெறும் அறையில் அவர் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். தந்திக் கம்பத்தின் மேல் உட்கார்ந்து ஒயரில் குரல் வருகிறதா என்று பார்க்கும் காலத்தில் அப்படித்தான் காது கொடுத்திருப்பார் போலிருக்கிறது. "என்னண்ணே கேக்குது?" என்றேன், கேலியாகத்தான். "ஒண்ணும் கேக்கலை" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா லைன் கட்டாகலை முருகேசு" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் தனியாக நின்றதில்லை. கூட்டத்தோடு நுழைந்து கூட்டத்தோடு வெளியே வந்துவிடுவேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைச் சிலருக்கு நினைவிருக்கும். பீரங்கிக்குப் பக்கத்தில் நான் சண்டையைக் கையை வீசி வீசி விவரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கேட்காமல் பின்னால் திரும்பி அண்ணனைக் கேட்டார். "ஏனுங்க, இங்க எத்தனை பேருங்க செத்திருப்பாங்க?" அண்ணன், "எண்ணிக்கை தெரியாதும்மா. ஆனா ஒவ்வொருத்தனும் வீட்டுல சொல்லிட்டுத்தான் கெளம்பியிருப்பான், போயிட்டு வாரேன்னு" என்றார். அந்த அம்மா அப்படியே மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் மகன் ராணுவத்தில் இருந்தான். உடனே பேசவேண்டும் என்றார், கைப்பேசியில் சிக்னல் இல்லை. அண்ணன் அந்தக் கைப்பேசியை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மதிலை ஒட்டியே நடந்தார். மேற்குப் பக்கம், கொடைக்கானல் மலை தெரியும் இடத்தில், அழைப்பு போனது. அந்த அம்மா, "சாப்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டார். பிறகு பையிலிருந்து ஆயக்குடிக் கொய்யாவை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அன்று வரலாறு அதற்குமேல் நகரவில்லை, எல்லோரும் கொய்யா தின்றோம்.

இதையெல்லாம் வைத்து அவரை எப்போதும் சாவைப் பற்றியே பேசுகிற மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டையில்தான் சொல்லிக்கொள்ளக் கூடாதே தவிர, உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லாமல் அவர் ஓரடி எடுத்துவைக்க மாட்டார். டீக்கடையில் மாஸ்டரிடம் சொல்வார், கல்லாவில் இருப்பவரிடம் சொல்வார், பக்கத்தில் டீ குடித்தவரிடமும் சொல்வார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பேருந்து வருகிறது என்று யாரோ சொல்லவும் ஓடிப் போய் ஏறிவிட்டார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வாசலில் வந்து நிற்கிறார். சின்னாளப்பட்டியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார். "போயிட்டு வாரேன் முருகேசு" என்றார். என் மனைவி சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது. ஒரு போன் செய்திருக்கலாமே அண்ணே என்றேன். "போன்ல எப்படிப்பா போறது? சொல்லாமப் போனா, போகலைன்னு அர்த்தம். நான் பாட்டுக்கு ஒன் வீட்டுலயே உக்காந்திருப்பேன்" என்றார்.

அப்படியானால் கோட்டையிலிருந்து சொல்லாமல் இறங்குகிற நாமெல்லாம் இன்னும் மேலேதான் இருக்கிறோமா என்று மடக்கினேன். அவர் மடங்கவில்லை. "ஆமா. கொஞ்சம் கொஞ்சம் அங்கதான் இருக்கோம். இருக்கட்டுமே. அம்புட்டுப் பேரு தனியாக் கெடக்காங்க. தொணையா இருக்கட்டும்" என்றார்.

அவருக்குக் கல்லீரலில் புற்று வந்தது கடைசி நான்கு மாதத்தில்தான் தெரிந்தது. போன மாதத்துக்கு முந்திய மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே நுழைவதற்கு முன் டாக்டர் வராந்தாவில் என்னை நிறுத்தி, இனிமேல் நாள் கணக்குதான் என்றார். நான் கட்டில் ஓரமாக அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மதினி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணன், கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். பதினெட்டு என்றேன். "கடைசில யாரு?" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு எழுந்தேன்.

இந்த இடத்தை நான் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை என்று சொன்னேன். நர்ஸ் வந்துவிட்டார் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். அவர் விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். எனக்குப் 'போயிட்டு' வரைக்கும் வாயில் வந்தது. 'வாரேன்' வரவில்லை. அடுத்த தடவை வரும்போது இந்த மனிதர் இருக்கமாட்டார் என்று தோன்றியது, சொன்னால் உடைந்து அழுதுவிடுவேன் என்று பயந்தேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வண்டியை எடுத்துப் பாதி வழி வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. உயிரோடு கண் திறந்து படுத்திருந்தவரிடமிருந்து, இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி கிளம்பியிருக்கிறேன். இந்தச் சங்கதி யாருக்குப் புரியாமல் போனாலும் அவருக்குப் புரியாமல் போகாது. எட்டு வருடம் இதையே ஊருக்குச் சொன்ன மனிதர். திரும்பிப் போயிருக்கலாம், பத்து நிமிட வழிதான். போகவில்லை. அந்த முகத்தை மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை. சனிக்கிழமை கடையில் பரீட்சை விண்ணப்பக் கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு நடை முடிந்ததும் நேராகப் போய்விடலாம் என்றிருந்தேன். அந்த ஞாயிறுதான் படியில் செய்தி வந்தது.

என்னைச் செத்தவனாக்கிவிட்டுப் போய்விட்டானே என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாரா? அடக்கம் நடந்த அன்றும் இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதுகூட மதினியின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு நடைகளை ரத்து செய்தேன். முழங்கால் வலி என்று உங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பியிருந்தேன் அல்லவா? முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு மதினியிடம் உண்மையைச் சொன்னேன். கண் திறந்திருந்ததையும், சொல்லாமல் வந்ததையும் சொன்னேன். மதினி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"நீங்க போயி கொஞ்ச நேரத்துல நான் மேல வந்தேன். 'முருகேசு வெளிய நிக்கிறான், உள்ள வரச் சொல்லு'ன்னாங்க. எட்டிப் பாத்துட்டு, அவரு போயிட்டாருங்கன்னேன். 'சொல்லாம எப்படிப் போவான்? வராந்தாவுலதான் இருப்பான், நல்லாப் பாரு'ன்னாங்க. ராத்திரியெல்லாம் அதே பேச்சு. சனிக்கெழமை விடிஞ்சும் விடலை. நானும் எத்தனை தடவ எந்திரிச்சுப் போயிப் பாக்குறது? கடைசில ஆமா, நிக்கிறாருன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் மொகம் தெளிஞ்சுச்சு. 'அவனை எதுக்கு நிக்க வைக்கிற, ஒரு சேரு போடு'ன்னாங்க. போட்டேன் தம்பி. வராந்தாவுல கதவுக்கு நேரா ஒரு சேரு கெடந்துச்சு. ஞாயித்துக்கெழமை விடிகாலைல கண்ணு மூடுற வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க."

என்னைப் பற்றி அவர் தவறாக நினைக்கவில்லை என்று தெரிந்ததும் ஆறுதலாகத்தான் இருக்கவேண்டும். இல்லை. நான் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை முழுக்க, அவருக்காக நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இங்கே இருந்தவனை விட அங்கே உட்கார்ந்திருந்தவன் நல்லவன்.

அண்ணனின் தொப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் மதினி. வேண்டாம், பேரன்களுக்கு இருக்கட்டும் என்றேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நாற்காலியைத்தான். அது என் வீட்டுக்கு வராது. கடையில் இருக்கும்போதும், வண்டியில் போகும்போதும், இதை எழுதும்போதும் அந்த வராந்தாவில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவர் விழித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று கிளம்புவதற்குச் செருப்பை மாட்டியபோது மதினி வாசற்படி வரைக்கும் வந்தார். "முப்பது முடிஞ்சிருச்சு தம்பி. சொல்லிக்கிட்டே போகலாம், ஒண்ணும் குத்தமில்ல. அவுங்களுக்கும் கேக்கட்டும். சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"நான் இன்னும் போகலை மதினி" என்றேன்.