ஷூட்டிங் வயலில் நாங்கள் வரப்பேறிய கதை

முதல் டேக்

"கட்! கட்!" என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினார். கேமரா நின்றது. சேற்றில் விழுந்து கிடந்தவள் கதாநாயகி பாக்கியம் ஒருத்திதான். அவளைச் சுற்றி நட்டுக்கொண்டிருக்க வேண்டிய நாங்கள் அத்தனை பேரும் வரப்பில் ஏறி நின்றோம்.

"ஏம்மா, உங்களை யாரு மேல ஏறச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அந்த நடிகரு இந்தப் பிள்ளைய அடிச்சாருல்ல?" என்றேன்.

நான் அழகம்மாள். திருவரங்குளம் சுற்று வயல்களுக்கு நடவுக்கும் களைக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போவது என் தொழில். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நாளைக்கு ஆள் வரும் என்று நான் சொன்னால் அதை நம்பி வயல்காரர் நாற்றைப் பறித்து வைப்பார். அந்தப் பேர் எனக்கு உண்டு.

அது ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். கண்மாய் பெருகியிருந்தது. மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து, நடவு சீன் எடுக்க ஆள் வேண்டும் என்று வயல்காரர் மூலம் என்னிடம் கேட்டது. எப்படியும் நட வேண்டிய வயல்தானே, சரி என்றேன்.

சீன் இதுதான். வீட்டு நெருக்கடிக்காகக் கதாநாயகி புருஷனுக்குத் தெரியாமல் கூலி நடவுக்கு வருகிறாள். புருஷன் தேடி வந்து அவளை அறைகிறான். அவள் சேற்றில் விழுந்து, அவன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறாள். நாங்கள் குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் எங்களால் ஆகவில்லை. எங்கள் நடவில் ஒரு வழக்கம் உண்டு. வயல்காரரோ வேறு எவரோ ஒருத்தி மேல் கைவைத்தால், கையிலிருக்கும் நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டு மொத்த வரிசையும் வரப்பேறிவிடும். அடித்தவர் வந்து அவளிடம் பேசித் தீர்க்கிறவரை ஒருத்தியும் சேற்றில் கால் வைக்க மாட்டாள். என் அம்மா காலத்திலும் அப்படித்தான்.

டைரக்டர் அருகே வந்து பொறுமையாகச் சொன்னார். "இது நடிப்பும்மா. நெஜம் இல்ல."

"அந்தப் பிள்ளை கன்னத்துல வெரலு வெரலாத் தெரியுதேங்க?"

"அது சீனுக்காக. யுத்தத்துல பிலிமே கிடைக்கிறதில்ல. வீணாக்காதீங்க. கொஞ்சம் ஒத்துழைங்க."

சரி, வந்த வேலையைக் கெடுக்கக் கூடாது என்று பெண்களைத் திரும்ப இறக்கினேன். "எவளும் ஏறக் கூடாது, தெரியுதா?" என்று நானே அதட்டினேன்.

கதாநாயகர் வந்தார். அறைந்தார். சத்தம் கண்மாய்க் கரைவரைக்கும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வரப்பில் நிற்கிறார்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன்!

"நாங்க ஏறலைக்கா, காலு ஏறிருச்சு" என்றாள் சிட்டு. எங்கள் வரிசையில் வாய்க்காரி அவள்தான். பெண்கள் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

வாய்க்கால் ஓரம்

கேமராவில் பிலிம் மாற்றுகிற நேரத்தில் பாக்கியம் வாய்க்காலில் முகம் கழுவினாள். இருபது வயதுகூட இருக்காது. நாடகக் கம்பெனியில் வளர்ந்த பெண். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். தயவுபண்ணி வயல்லயே நில்லுங்க. நீங்க மேல ஏற ஏற எனக்கு இன்னொண்ணு விழுது."

எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காக என்று நாங்கள் ஏறுகிறோம். விழுவதோ இவள் கன்னத்தில்.

"சும்மா ஓங்குனாப் போதாதா, தாயி?"

"கேட்டுப் பாத்துட்டேன். நெஜமா விழுந்தாத்தான் ஜனம் அழுமாம். ரொம்பப் பேசினா அடுத்த படத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. இன்னிக்கு ஒரு தடவை பொறுத்துக்குறேன். நீங்க குனிஞ்சே இருங்க."

அவள் கேட்டபடி குனிந்தே இருந்திருக்கலாம். ஒரு அறையோடு முடிந்திருக்கும். ஆனால் எங்களில் ஒருத்தியை அப்படிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வேனா என்று யோசித்தேன். மாட்டேன். இவளும் இன்றைக்கு எங்களோடு நாற்றுமுடி பிடித்தவள்தானே.

நேரே டைரக்டரிடம் போனேன். "ஐயா, கை ஓங்கட்டும், நாங்க நடுறோம். கை விழுந்தா ஏறிருவோம். இதான் பேச்சு."

"வேற ஆளை வச்சு எடுத்துக்கறேன். உங்களை விட்டா ஊர்ல ஆளே இல்லையா?"

"கூப்புடுங்க. திருவரங்குளத்துல கேளுங்க, வல்லத்திராக்கோட்டையில கேளுங்க. எந்த ஊரு ஆளு வந்தாலும் வரப்பேறத்தான் செய்யும்."

அவர் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏதாவது சொன்னியா?"

"அது ஒண்ணும் சொல்லலைங்க. எங்களுக்குக் கண்ணு இருக்கு" என்றேன்.

குடை நிழலில் உட்கார்ந்திருந்த கதாநாயகர் எழுந்து வந்தார். "என்னம்மா உங்க தொந்தரவு? நடிப்புன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

சிட்டு விடவில்லை. "எங்களுக்கு என்னங்க தெரியும்? எங்க ஊரு கூத்துல வருசா வருசம் ஒருத்தன் ஒருத்தனக் கொல்றான். விடிஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து கஞ்சி குடிக்கிறாங்க. ஒங்களுக்கு ஒரு அறையச் சும்மா அறையத் தெரியலையே!"

கேமராக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கதாநாயகர் முகம் கறுத்துப்போனது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் வானத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சரி. கை படாது. எறங்குங்க."

இந்தத் தடவை கதாநாயகர் கை கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பாக்கியம் தலையை வெட்டித் திருப்பிச் சேற்றில் விழுந்தாள். உண்மையாகவே பட்டுவிட்டதோ என்று எனக்கே திக்கென்றது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நாற்றை ஊன்றினேன். அப்படி நடித்தாள் அந்தப் பெண். வரிசை கலையவில்லை.

வண்டி ஏறும்போது பாக்கியம் என்னிடம் திரும்பி வந்தாள். என் சேற்றுக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கொட்டகை

மறு வருஷம் புதுக்கோட்டைக் கொட்டகையில் அந்தப் படம் ஓடியது. வண்டி கட்டிக்கொண்டு போனோம். பெண்கள் பக்கத்தில் மணலில் இடம்பிடித்து உட்கார்ந்தோம். எங்கள் வயல் வந்தது. நாங்கள் குனிந்து நடுகிறோம். "ஏ, அது என் முதுகுடி!" என்று ஒருத்தி கூவினாள். கதாநாயகர் வரப்பில் வேகமாக வருகிறார்.

அடுத்த நிமிஷம் வயலைக் காணோம். ஏதோ ஒரு வீடு, ஒரு சுவர். பாக்கியம் மட்டும் நிற்கிறாள். பளாரென்று விழுந்தது அறை. அது நிஜ அறைதான், எங்களுக்குத் தெரியாதா? காலைப் பிடித்து அழுதாள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

"நம்மளக் காணோமேக்கா" என்றாள் சிட்டு.

காணோம்தான். மதராஸ் ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோய்த் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. ஒருத்தியை அடிக்க வேண்டுமென்றால் முதலில் அவளைத் தனியாக நிறுத்துகிறார்கள். பத்துப் பேர் கூட நின்ற இடத்தில் அவர்களால் முடியவில்லை. அதில் எனக்குத் தோற்றுப்போனதாகத் தோன்றவில்லை. வயலில் நான் சொன்ன சொல் நின்றது. அவர்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

அதன் பிறகு புதுக்கோட்டைப் பக்கம் வந்த படக் கம்பெனிகளுக்கு நிறைய ஆள் அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை ஏஜெண்டு ஒருவர் வந்து, மதராஸில் ஒரு சீனுக்கு ஒரு பெண் போதும் என்றார்.

"மூணு பேரு வருவாங்க" என்றேன்.

"சீன்ல இருக்கறது ஒருத்திதாம்மா. மத்த ரெண்டு பேருக்கு அங்க என்ன வேலை?"

"நிக்கிறது" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு மூன்று டிக்கெட் எடுத்தார். வேலைக்குப் போகிற பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த வேலையானாலும் போங்கள். கூட நிற்க ஆள் யார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.