பொருளடக்கத்தில் மூன்று பென்சில் புள்ளிகள்

1

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் இருந்த ஒரு கிளை நூலகத்துக்கு நூலகராக என்னை மாற்றினார்கள். போளூரில் காலை பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள், யார் எந்தப் புத்தகம் எடுத்துப் போனார்கள் என்று பதியும் இஷ்யூ ரிஜிஸ்டரைத்தான் புரட்டினேன். நாவல்கள் வாரக்கணக்கில் திரும்பி வரவில்லை. சிறுகதைத் தொகுப்புகள் நாலே நாளில் வந்திருந்தன. விரும்பிப் படித்து முடித்துவிடுகிறார்கள் என்று டைரியில் எழுதினேன். அன்று மாலை ஒரு தொகுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்த காட்டிலாகா வாட்சர் காளி அந்த நினைப்பைத் திருத்தினார்.

"மொத கதை ஜோரா இருந்திச்சி சார். ரெண்டாவது இன்னா சொல்ல வர்றான்னே புரில. மூணாவதுல தூங்கிட்டேன். அத்தோட மூடிட்டேன்."

"நாலாவது நல்ல கதை ஆச்சே?"

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? பலாப்பழமா, தட்டிப் பாக்க?"

அவர் சொன்னது நியாயம்தான். மலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும் ரோந்துக்கு நடுவே உட்காருபவருக்கும் ஒரே மூச்சில் முடிகிற சிறுகதைதான் தோது. ஆனால் எந்தத் தொகுப்பிலும் எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. பன்னிரண்டில் மூன்று மனசை விட்டுப் போகாது. ஐந்து பரவாயில்லை. மீதி நான்கை ஏன் சேர்த்தார்கள் என்று தோன்றும்.

2

எனக்கு எதையும் ஒழுங்கு செய்துவிட வேண்டும். தொகுப்புகளை ஒவ்வொன்றாக முழுக்கப் படித்து, பொருளடக்கத்தில் நல்ல கதைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி வைக்காத கதைக்கு என்ன குறை என்று டைரியில் ஒரு வரி எழுதினேன். ஒரு வருஷத்தில் நாற்பது தொகுப்புகளுக்கு மேல் முடித்தேன்.

வாசகர்கள், "இதுல புள்ளி எத்தினி சார்?" என்று கேட்டே எடுத்துப் போனார்கள். இஷ்யூ ஏறியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, "நல்ல ஏற்பாடுய்யா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

3

மலையில் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியின் தமிழாசிரியர் தனபால். சனிக்கிழமை மதியம் தவறாமல் வருவார். திருப்பத்தூரில் ஓர் அச்சகத்தில் தன் முதல் தொகுப்பை அச்சிட்டு, ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு கதைகள். இரண்டாவது தொகுப்புக்கு ஆறு கதைகள் ஆகிவிட்டன என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

நூலகக் கணக்கில் ஏற்றி அக்செஷன் நம்பர் போட்டு, முத்திரை குத்தி, படித்தேன். மூன்றுக்குப் புள்ளி வைத்தேன். வேண்டியவர் என்பதற்காகக் கூட்டக் கூடாது என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அவரே அலமாரியிலிருந்து அதை எடுத்தார். கடைசிப் பக்கத்து டேட் ஸ்லிப்பில் பதினாலு பேர் எடுத்துப் போன தேதி முத்திரை இருப்பதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பொருளடக்கத்துக்கு வந்தார்.

"இது யார் சார் வச்சது?"

"நான்தான். எல்லாத் தொகுப்புக்கும் வைக்கிறதுதான்."

"மூணுதானா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் டைரியை எடுத்து, மற்ற எட்டுக்கும் என்ன குறை என்று வரிசையாகப் படித்துக் காட்டினேன். அவர் நின்றபடியே கேட்டார்.

"அப்ப பதினாலு பேரும் இந்த மூணத்தான் படிச்சிருப்பாங்க. இல்லீங்களா?"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அதன்பின் அவர் வரவில்லை. பரீட்சை வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

4

அந்த மழைக்காலத்தில் இரண்டு நாள் செக்போஸ்டைவிட்டு நகர முடியாத காளி, தனபாலின் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்தார்.

"சார், அந்த சந்தைக் கதைக்கு இன்னாத்துக்குப் புள்ளி வக்கல?"

ஒருவன் புளி மூட்டையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு இறங்குகிறான். விலை போகவில்லை. திரும்பச் சுமந்து ஏறுகிறான். அவ்வளவுதான் கதை. 'நிகழ்ச்சி இல்லை, முடிவும் இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். படித்துக் காட்டினேன்.

"முடிவு இன்னாத்துக்கு சார்? எங்கப்பன் அப்டித்தான் ஏறி வந்தாரு. வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அத்த இந்த வாத்தியாரு எங்கருந்து பாத்தாரு?"

நூலகத்தைப் பூட்டிவிட்டு நேரே பள்ளிக்கு நடந்தேன். தனபால் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். காளி சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சந்தோஷங்க சார்" என்றார். "ரெண்டாவது தொகுப்பு மொத்தமும் அந்த மாதிரிதான். ஒண்ணுலயும் ஒண்ணும் நடக்காது."

"கொடுங்க, படிக்கிறேன்."

"வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன் சார். நீங்க நாப்பது தொகுப்பு படிச்சவரு. நீங்களே அது நல்லா இல்லன்னப்புறம் அத வச்சிக்கினு இன்னா பண்றது?"

"மறுபடி எழுதலாமே."

"உக்காந்து பாத்தேன். இதுக்குப் புள்ளி வருமா, வராதான்னுதான் யோசன ஓடுது. பேனா ஓட மாட்டேங்குது."

அவர் குரலில் கோபமே இல்லை. அடுத்த நோட்டைப் பிரித்தார்.

5

மறுநாளிலிருந்து ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் ரப்பரால் அழித்தேன். வாசகர்கள் முணுமுணுத்தார்கள். இஷ்யூ பழையபடி இறங்கியது. தனபால் மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். வருஷந்தோறும் வந்த புதிய நூல்களின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொகுப்பில் எது நல்ல கதை என்று வாசகர் கேட்டால், உங்களுக்குப் பிடித்ததை வாயால் சொல்லுங்கள். புத்தகத்தில் குறிக்காதீர்கள். வாயால் சொன்னதை அவர் மறுத்துப் பேசலாம். குறித்து வைத்தால் அடுத்தடுத்து வருபவர்கள் மற்ற பக்கங்களைத் திறக்கவே மாட்டார்கள். இதைக் கற்றுக்கொண்டது எனக்கு உதவியது. தனபாலுக்கு உதவவில்லை.

அடுப்பில் போன அந்த ஆறு கதைகளும் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. எழுதியவரைத் தவிர யாரும் படிக்கவில்லை.