ஸ்லோவில் நிற்காத வண்டி

ஓட்டினால் ஓடும், வேகம் குறைத்தால் செத்துவிடும். கம்பெனி எனக்குக் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிள் அப்படிப்பட்டது. எதிரே மாட்டு வண்டி வந்தால் போதும்; இரண்டு தரம் விக்கி, கரும்புகையைத் துப்பிவிட்டு நின்றுவிடும். இறங்கி உதைக்க வேண்டும். எட்டாவது, பத்தாவது உதையில் கிளம்பும். சில நாள் உதைக்கிற கட்டை திருப்பி அடித்து, வலது முழங்காலுக்குக் கீழே வீங்கியே கிடக்கும்.

கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வாங்கியவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, என்ன கோளாறு என்று எழுதி வருவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தறியில் உட்காராமல் சம்பளத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். ஆனால் மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது கம்பெனி போட்ட நிபந்தனை. வாங்காவிட்டால் வண்டியும் வேலையும் வேறு ஆளுக்கு. அப்புறம் அப்பாவுக்குப் பக்கத்தில் தறியில்தான் உட்கார வேண்டும்.

லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூருக்கு வருவார். ஏரிக்கரைக்குக் கீழே சுண்ணாம்புத் தூளால் எட்டு வரைந்திருப்பார்கள். கால் ஊன்றாமல் அதன்மேல் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் மாதம் பாதி எட்டில் வண்டி நின்றது, கால் ஊன்றினேன். இரண்டாவது மாதம் நின்றுவிடுமோ என்று பயந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தேன். கோட்டைத் தாண்டி வேலிக்காத்தான் புதரில் போய் விழுந்தேன்.

"எட்டு போடச் சொன்னா மெட்ராஸுக்கே போறியேப்பா!" என்றார் இன்ஸ்பெக்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, காகிதத்தில் ஏதோ கிறுக்கினார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மெக்கானிக் இருந்தான். என் வயசுதான். நான் படித்தவன் என்பதில் அவனுக்கு ஒரு கிண்டல்.

"இன்னா சாரே, மறுபடியும் தள்ளிக்கினு வரியா? வண்டி உன்ன ஏத்திக்கினு போவுதா, நீ வண்டியக் கூட்டிக்கினு போறியா?"

"ஸ்லோவுல நிக்கமாட்டேங்குதுப்பா. வேகத்தக் குறைச்சா அணைஞ்சிடுது."

பிளக்கைக் கழற்றிக் காட்டினான். "பாரு, அடுப்புக்கரியாட்டம் கீது. பெட்ரோல் ஜாஸ்தி, காத்து பத்தல." கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ, அதற்கடியில் கடுகளவு ஒரு ஓட்டை. வண்டி மெதுவாக ஓடும்போது அதற்குத்தான் அந்த வழியாகக் காற்று. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவினான். சைக்கிள் பம்பால் ஊதினான். ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தான். வண்டி அணையாமல் சாதுவாக நின்று துடித்தது. இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும், திரும்பவும் அதே விக்கல். அவனைப் பார்த்துப் பார்த்து நானே கழுவவும் கற்றுக்கொண்டேன்.

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கழுவிய தேதி, கெட்ட தேதி, பிளக்கின் நிறம், ஸ்க்ரூ எத்தனை சுற்று. திருப்புலிவனத்தில் நின்றது, பழையசீவரம் மேட்டில் நின்றது. கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். தேதி எழுதினேனே தவிர கிழமை எழுதவில்லை.

மூன்றாவது சோதனைக்கு முந்தின நாள். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வண்டி ஸ்லோவில் அருமையாக ஓடியது. சூடேறட்டும் என்று அப்படியே ஓடவிட்டுவிட்டுப் புழக்கடைக்குக் கைகால் கழுவப் போனேன். உடம்பில் தெம்பே இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் மாறியது. ஒரு தரம் விக்கியது. பிறகு அதே பழைய இருமல்.

ஈரக் கையோடு ஓடி வந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மோதிர விரலில் குங்குமம். ஸ்க்ரூவுக்கடியில் ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் தறியின் நான்கு காலுக்கும் பொட்டு வைப்பாள், நிலைப்படிக்கும் அரிசி அளக்கிற படிக்கும்கூட. வண்டி வந்ததிலிருந்து அதற்கும் உண்டு. எல்லாவற்றிலும் பொட்டு இருக்கிற வீட்டில் ஒரு பொட்டைத் தனியாக யார் பார்ப்பார்கள்?

துடைப்பக் குச்சி ஒன்றை ஒடித்து அந்த ஓட்டையைச் சுரண்டினேன். உலர்ந்துகொண்டிருந்த சந்தனம் உதிர்ந்தது. வண்டி இரண்டு தரம் கமறிவிட்டுச் சீராக ஓடியது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் அத்த அடச்சிக்கினு இருந்தேனா நைனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பழைய கார்புரேட்டர், அப்படித்தான்."

"பொய் சொல்லாத. நான் வெச்சேன், இருமுச்சி. நீ நோண்டின, இருமல் நின்னுடுச்சி." கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "வண்டி வந்த அன்னிக்கு, இதுல எதுடா உசுருன்னு உன்னக் கேட்டேன். நீதான் கை காட்டின. இதுதாம்மா மூச்சு உடுற எடம்னு சொன்ன. அதனாலதான் அங்க வெச்சேன். நாளிக்கு உனுக்குப் பரிச்சைன்னு இன்னிக்குக் கொஞ்சம் பெருசா வெச்சேன்."

ஆமாம், நான்தான் காட்டினேன். இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டினேன்.

மறுநாள் எட்டு போட்டேன். வண்டி நடக்கிற வேகத்தில் போனது, நிற்கவில்லை. என் கால் தரையில் படவில்லை. இன்ஸ்பெக்டர் காகிதத்தில் பாஸ் என்று எழுதியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி, போ" என்றார். இத்தனை மாதம் பாடுபட்டது இந்த இரண்டு வார்த்தைக்குத்தானா என்று இருந்தது. சந்தோஷப்படக்கூடச் சக்தி இல்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா கற்பூரம் ஏற்றினாள், தறிக்கு மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டிப் பக்கம் வரவில்லை. ஹெட்லைட்டில் வையம்மா, அங்கே ஒன்றும் ஆகாது என்று கூப்பிட்டேன்.

"வேணா நைனா. எங்க வைக்கணும்னு உனுக்குத்தான் தெரியும். நீயே வெச்சிக்க" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஹெட்லைட்டின் மேல் நானே வைத்தேன். பழக்கமில்லாத கை, சந்தனம் ஒழுகிக் கண்ணாடியில் இறங்கியது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பிறகு வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.