கனகமணியின் பிகோனியா

முத்துலிங்கம் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி ஏற்றுகிறவன். எங்கள் பக்கத்து வீடு. உடம்பெல்லாம் கரி, வாயெல்லாம் பகிடி. அவன் பெண்சாதி கனகமணி பண்டாரவளையில் தமையன் வீட்டிலிருந்து பிகோனியாப் பூச்செடிக் கிழங்குகள் கொண்டுவந்திருந்தாள். "அவிச்சுத் தின்ன ஏலாத கிழங்கு என்ன கிழங்கு?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான். பிள்ளையில்லாத அவளுக்கு அந்தக் கன்றுகளில்தான் உயிர்.

மாரி ஓய்ந்து குளிர் மிஞ்சியிருக்கும் தையில் தொடங்குவாள். கிழங்கின் குழிந்த பக்கம் மேலே தெரிய ஈர மணலில் பாதி புதைப்பாள். தூசி மாதிரியான விதையை மண்ணின்மேல் தூவி, மண் போடாமல் கண்ணாடித் துண்டால் மூடுவாள். தண்டுகளை வெட்டிச் சிரட்டைகளில் ஊன்றுவாள். தீட்டு நாட்களில் மட்டும் கிட்டவும் போகமாட்டாள். நிழல் பட்டாலே கன்று வாடும் என்பாள். அப்போதெல்லாம் நான்தான் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்துபோய்த் தண்ணீர் தெளிப்பேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டுத் தையில் எல்லாவற்றையும் ஊன்றி முடித்த கையோடு காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழும்பவேயில்லை.

செத்தவீடு முடிந்தும் முத்துலிங்கம் கன்றுகளை எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தண்ணி விடுறன், தம்பி. எனக்கென்ன துடக்கு, தீட்டு?" என்றேன்.

"வேண்டாம் அக்கா. செத்தவீட்டு முத்தத்தில கால் வைச்சாலே துடக்குத்தான். அவள் இருந்தால் விடுவாளோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்."

"விசரா! அதுக்குள்ள எல்லாம் காஞ்சு போயிடும்!"

கேட்டால்தானே! அவள் சொல்லை மீறக்கூடாதென்று ஒரே பிடிவாதம்.

அந்தியேட்டி முடிந்து தலைமுழுகியதும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினான். கிழங்குகளும் தண்டுகளும் சுருங்கிச் செத்திருந்தன. விதைத்த மண் வெடித்துக் கிடந்தது. "நான்தான் கொன்றுபோட்டன், அக்கா" என்று நிலத்தில் குந்தியிருந்து அழுதான். அவனை ஏசவென்று போன நான் பக்கத்தில் குந்தினேன்.

முன்பு அவள் எனக்குத் தந்த பிகோனியா ஒன்று என் கிணற்றடியில் நின்றது. அதில் ஓர் இலையை ஒடித்துக் கொடுத்தேன். நரம்புகளைக் கீறி, ஈர மணல் போட்ட சட்டியில் படுக்கவைத்து, சிறு கல் பாரம் வைத்தான். பகிடி பண்ணிப் பண்ணியே அவள் கைவேலையைப் பார்த்திருக்கிறான், பாவி! பங்குனியில் நகமளவு குருத்து வந்தது. "அக்கா, ஓடி வாங்கோ!" என்று வேலிக்கு மேலால் கத்தினான்.

யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்ததும், அடுத்தது எங்கள் துறைமுகம்தான் என்று ஊர் கலைந்தது. நாங்கள் வள்ளமேறி, மூதூர் வழியாகத் தோப்பூரில் என் புருஷனின் கூட்டாளி ஸெய்னுதீன் வீட்டுக்குப் போனோம். முத்துலிங்கத்துக்கு வேலையை விட்டு வர ஏலாது. வள்ளத்தடிக்கு வந்து சட்டியை என் மடியில் வைத்தான்.

"காய விடாதேங்கோ, அக்கா. அவளின்ர திவசத்துக்கு ஒரு பூவாவது வேணும்."

சில நாட்களில் அவனோடு கரி ஏற்றும் சின்னராசா தோப்பூருக்கு வந்தான். எங்கள் துறைமுகத்திலும் குண்டு போட்டுவிட்டார்களாம். முத்துலிங்கத்தின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

துடக்குக் காக்க அவனுக்கு ஒரு சொந்தமும் இல்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவன், நானே காத்தேன். கோயில் வாசல் மிதிக்கவில்லை, பூ வைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டிக்கு நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். கனகமணி கோபித்தால் கோபிக்கட்டும்.

துடக்குக்காரியின் கை பட்டும் கன்று வாடவில்லை. ஐயோ, அதைக் கேட்க அவன் இல்லையே!