இரண்டாவது ஆள் கிடைக்காத செய்தி

ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் பாதி. ஓரம் நேராகக் கிழிக்கப்படவில்லை. நீல மையில் ஆறு வரிகள், அதன் குறுக்கே சிவப்பு மையில் என் கையெழுத்து: ‘ஒருவர் மட்டுமே சொன்னது. உறுதி இல்லை. போட வேண்டாம்.’ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸில் இன்னமும் அந்தத் தாள் இருக்கிறது. காம்பஸின் துரு அதில் ஒரு வட்டமாகப் படிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடங்களில் எத்தனையோ முறை அதை எடுத்துப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் செய்தது சரி என்று ஒரு பக்கம் தோன்றும், அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை என்று மறுபக்கம் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு பெட்டியை மூடிவிடுவேன்.

அந்த ஆறு வரிகளை எழுதியவளை நாங்கள் எடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் அவள் பத்தாம் வகுப்பு, நான் ஒன்பது. அவள் மலைக்காரப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். நான் கீழ்நாட்டுப் பெண். அம்மா மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் எங்களுக்கு அங்கே ஒரு வாடகை வீடு. பள்ளியில் குழந்தை உரிமைக் கிளப் ஒன்று இருந்தது. மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை போடுவோம். பெரிய சார்ட்டுத் தாளில் எழுதி, சோற்றுப் பருக்கையை மசித்துத் தடவி, சமையலறைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுவோம். குழாயில் தண்ணீர் வராதது, பஸ் நிற்காமல் போனது, கடுக்காய் பொறுக்கப் போன பிள்ளைகள் வகுப்புக்கு வராதது, இவையெல்லாம் எங்கள் செய்திகள். இதைச் சொல்லும்போது இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு நாட்டையே நாங்கள்தான் தாங்கிப் பிடிப்பதாக நினைப்பு.

எடிட்டருக்கு நல்ல உயரம். பேசும்போது பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு, அப்புறம் அதையே ஊரெல்லாம் தேடுவாள். கள்ளக்குறிச்சியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று ஐந்து கேள்வி கேட்க வேண்டும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சியில் ஒருநாள் எங்களை வெளியே கூட்டிப்போனபோது தியாகதுருகம் கோட்டை மலையை பஸ்ஸிலிருந்து பார்த்து, “பெரிய பேப்பர்ல சேந்ததும் மொத செய்தி இதப்பத்திதான்” என்றாள். கோட்டையைப் பற்றி அப்படி என்ன செய்தி என்று கேட்டேன். “இன்னாவோ ஒண்ணு இருக்கும் புள்ள, போய்க் கேட்டாத்தான தெரியும்” என்றாள்.

இரண்டு பேர் சொல்ல வேண்டும் என்ற விதி பயிற்சியில் கற்றதல்ல, முட்டை விவகாரத்தில் பிறந்தது. சமையல்கார அம்மா தினமும் வாளியில் முட்டை கொண்டுபோகிறார் என்று ஒரு சிறுமி சொல்ல, எடிட்டர் அதை ‘முட்டை எங்கே போகிறது?’ என்று தலைப்புக் கட்டிப் போட்டுவிட்டாள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எல்லோரும் சார்ட்டைப் பார்த்துவிட்டுத் தன்னையும் பார்க்கிறார்களே என்று ஒரு பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாளியில் போனவை விடுதியில் காய்ச்சலாகப் படுத்திருந்த பிள்ளைகளுக்கு அவித்த முட்டைகள். வார்டனே கொடுத்தனுப்பியவை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அவர் அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எடிட்டர் போய் அவர் காலைத் தொட்டாள். பிறகு அந்தச் செய்தியை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “இனிமே நீதான் செக் பண்ற ஆளு. ரெண்டு பேரு சொல்லணும். நானே குடுத்தாலும் சரி, ரெண்டு பேரு சொல்லலன்னா போடாத. இன்னா?” என்றாள். சட்டம் பேசுவதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரைப் பொங்கல். சிவப்புப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மார்கழி மாதம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது எடிட்டர் அந்தத் தாளைக் கொடுத்தாள். நம் மலையில் ஓர் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவிக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், வயது பதினைந்து, அவளுக்கு விருப்பமில்லை, பரீட்சை எழுத வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருந்தது. தலைப்பு இல்லை. எடிட்டர் தலைப்பில்லாமல் செய்தி எழுதி நான் பார்த்ததே கிடையாது. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

“யாருக்கா அது?”

“பேரு போடக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?”

“போட மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“ஒனக்குச் சொன்னாலும் போட்ட மாதிரிதான்.” கொஞ்ச நேரம் தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சம்பந்தமில்லாமல், “ஒங்கம்மா நம்ம பேப்பர முழுசா படிப்பாங்களா?” என்று கேட்டாள். வாராவாரம் வியாழக்கிழமை பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க அம்மா பள்ளிக்கு வருவாள். வந்தால் சார்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் போவாள். அதைச் சொன்னேன். “அப்ப சரி” என்றாள். “ரெண்டாவது ஆளு?” என்று கேட்டேன். “நீ விசாரிச்சுக்கோ” என்று தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விசாரித்தேன். பத்தாம் வகுப்பில் பதினோரு பெண்கள். ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு, உனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, “மாப்ள யாருன்னு சொல்லு, புடிச்சிருந்தா பண்ணிக்கிறேன்” என்றாள். இன்னொருத்தி அடிக்க வந்தாள். பத்துப் பேரிடம் கேட்டேன். பதினோராவது ஆள் எடிட்டர். அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. செய்தி எழுதுகிறவள் எப்படிச் செய்தியாவாள்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“யாருமே இல்லன்றாங்கக்கா. ரெண்டாவது ஆளு கெடைக்கல” என்று குழாயடியில் போய்ச் சொன்னேன்.

“அப்ப இன்னா பண்ணுவ?”

“நீங்க சொன்ன ரூல்தான்.”

என்னை நன்றாக ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரித்தாள். “கறாரான ஆளுதான் நீ” என்றாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு, தாளின் குறுக்கே சிவப்பு மையில் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. சார்ட்டில் அந்தச் செய்திக்கு விட்டிருந்த கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஓர் அருவியை வரைந்து வண்ணம் அடித்தேன்.

அந்த வியாழக்கிழமை அம்மா சார்ட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது மாத்திரை வரிசையில் எடிட்டர் நின்றிருந்தாள். சார்ட்டைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைசிக் கட்டத்துக்கு வந்து, “அருவிக்கு ஏன்டி பச்சை அடிச்சிருக்க?” என்று என்னைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எடிட்டர் அப்போதுதான் திரும்பி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். “படம் நல்லா இருக்கு புள்ள” என்றாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவு முடிந்தும் அவள் வரவில்லை. யாரும் பதறவில்லை. சாமை அறுப்பு, மரவள்ளி பிடுங்குவது என்று மலைப் பிள்ளைகள் பத்து நாள் தள்ளி வருவது வழக்கம்தான். அவள் வந்து போடட்டும் என்று அடுத்த சார்ட்டைக்கூட நிறுத்தி வைத்திருந்தோம். தை முடியும் சமயத்தில் ஒருநாள் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “உங்க எடிட்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்டி. ஒரு வார்த்தை முன்னாடி தெரிஞ்சிருந்தா ஆபீசருங்களைக் கூட்டிக்கினு போய் நிறுத்தியிருப்பேன். ஒருத்தர் வாயிலயும் வரலியே” என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்த போனில் அதிகாரிகளுக்குச் சொல்லவும் செய்தாள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை வீடு பூட்டியிருந்தது. காப்பித் தோட்டத்து வேலைக்குக் குடும்பமாகக் கிளம்பிவிட்டிருந்தார்கள். தாளைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவள் ஏன் ‘நான்தான்’ என்று சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வியில் நான் கிடந்து உழன்றிருக்கிறேன். சொன்னால் தன் அப்பா காதுக்குப் போகும் என்று பயந்தாளா? பேர் ஊர் இல்லாமல் வந்தால், யார் சொன்னார்கள் என்று தெரியாமலேயே என் அம்மா விசாரிக்கட்டும் என்று கணக்குப் போட்டாளா? அல்லது ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டவளுக்குத் தனக்கென்று கேட்க வாய் வரவில்லையா? பள்ளிச் சுவரில் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அதை எழுதும்போது ஏணியில் நின்று பெயிண்ட் வாளியைப் பிடித்திருந்தவளே அவள்தான். ஆனால் மலையில் அன்று சிக்னல் கிடைத்தது ஒரே ஒரு பாறை மேல், அதுவும் யாரிடமாவது போன் இருந்தால். என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, விதியைப் போட்டது அவள்தானே என்று மனம் வாதாடும். சரி, தப்பு அவளுடையதுதான் என்று முடிவு கட்டினால், மாத்திரை வரிசையில் நின்று அம்மாவைப் பார்த்த அந்தக் கண்கள் வந்து நிற்கும். பதினைந்து வயதுப் பெண் போட்ட விதியைப் பதினான்கு வயதுப் பெண் காப்பாற்றினாள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டை இரண்டு முறை படிக்காமல் மாத்திரையை எடுக்க மாட்டேன். முதலாளி இதற்காகவே என்னைத் திட்டுவார். போன மாதம் ஒரு மத்தியானம், இருமல் மருந்துச் சீட்டு ஒன்றை அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது, “இன்னும் அதே கறாரு” என்றொரு குரல் கேட்டது. நிமிர்ந்தேன். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, கொண்டையில் பென்சில் இல்லை, மற்றபடி அவளேதான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்குழந்தை இருமிக்கொண்டு நின்றது.

அவளே பேசினாள். தோட்டத்து வேலை போதுமென்று மலைக்கே திரும்பிவிட்டார்களாம். “நல்லாத்தான் இருக்கேன். அவரு கெட்டவரு இல்ல, குடியும் கம்மி. மரவள்ளி போட்டிருக்கோம்” என்றாள். “இவ நம்ம ஸ்கூல்தான், ஆறாவது. இப்பவே கிளப்புல சேந்துட்டா. எடிட்டர் ஆவணுமாம்.” குழந்தை வெட்கப்பட்டு அவள் முந்தானைக்குப் பின்னால் போனது.

“அக்கா, அன்னைக்கு அந்தத் தாளு...” என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். குழந்தையைத் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“ரெண்டு பேரு வேணும்னு சொன்ன இல்ல? நான் ஒருத்தி. தோ, இவ ஒருத்தி. இப்பப் போடு.”

பின்னால் நின்ற ஆள், “சீக்கிரம் குடும்மா, எவ்ளோ நேரம் நிக்கிறது” என்று சத்தம் போட்டார். மருந்தைக் கொடுத்தேன், ஒரு ஸ்பூன் மூன்று வேளை என்று சொன்னேன். கரியாலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்பு கேலியா, கோபமா, மன்னிப்பா, இத்தனை நாள் யோசித்தும் பிடிபடவில்லை. குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு என்று மட்டும் சொல்ல முடியும். அன்றும் அது எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து தாளை எடுத்தேன். சிவப்பு மையில் எழுதியிருந்த வரியை அடித்தேன். பிறகு உட்கார்ந்து, முட்டை, பனி, அருவிப் படம் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். நீங்கள் இதுவரை படித்தது அதுதான். பெயர் போடவில்லை, ஊரும் போடவில்லை, அது அவள் கற்ற விதி. இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எங்கள் மலையில் ஓர் ஊரில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவிக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். வயது பதினைந்து. அவளுக்கு விருப்பமில்லை. பரீட்சை எழுத வேண்டும் என்கிறாள்.